மிதமான குளிர்காலத்துக்குப் பின் பல்லாண்டுச் செடிகளை எப்போது கவாத்து செய்வது?

துளிர்நேசன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இந்த முறை குளிர்காலம் பெயரளவுக்கு வந்து போயிருக்கிறது. நிலம் இறுகும்படியான உறைபனி அநேகமாக விழவே இல்லை. இந்தப் பருவத்தில் காய்ந்த குச்சிகளாக நிற்க வேண்டிய பாத்தி, பாதி காய்ந்தும் பாதி பச்சையாகவும் நிற்பதால், கவாத்துக்கு, அதாவது கிளைகளையும் தண்டுகளையும் வெட்டிச் சீராக்க, கத்தரியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியவில்லை. ரோஜாச் செடிகளில் சென்ற ஆண்டின் இலைகளே இன்னும் முழுவதும் உதிரவில்லை. அதற்குள் கிளை நுனிகளில் செந்நிறத் துளிர்கள் நீண்டுவிட்டன. செடம் என்னும் சதைப்பற்றுள்ள செடியின் காய்ந்த தண்டுகளுக்கு அடியில் புதிய மொக்குகள் மண்ணைத் தொட்டபடி திரண்டிருக்கின்றன. இவை தவிர லாவெண்டர், பென்ஸ்டெமன், எபிமீடியம், மிஸ்காந்தஸ் புல், பெரிய இலை ஹைட்ரேஞ்சியா, ஒரு கிளெமாட்டிஸ் கொடி ஆகியவையும் உள்ளன.

தோட்டக்கலைக் கையேடுகள் எல்லாமே குளிர்காலத்தின் இறுதியில் கவாத்து செய்யச் சொல்கின்றன. குளிர்காலமே சரியாக வராத ஆண்டில் அதன் இறுதியை எதைக் கொண்டு அறிவது? செடிகள் முந்திக்கொண்டதால் நாமும் முந்த வேண்டுமா, அல்லது வழக்கமான தேதி வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கத்தரிக்காரர்

செடி விழித்துவிட்டால் வேலையைத் தொடங்கிவிட வேண்டியதுதான் என்பது என் கருத்து. செடிக்கு நாள்காட்டி தெரியாது. நுனியில் துளிர்க்கும் ஒவ்வோர் இலைக்கும், வேரிலும் தண்டிலும் சேமித்து வைத்த உணவைத்தான் அது செலவிடுகிறது. நாளைக்கு வெட்டி எறியப் போகும் கிளையில் அந்தச் சேமிப்பு வீணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பொருள் இருக்கிறது? மஞ்சள் பூப்பூக்கும் ஃபோர்சித்தியா புதர் மலர்ந்தால் ரோஜாவுக்குக் கத்தரி வைக்கலாம் என்பது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. உங்கள் பக்கத்தில் அது பூத்துவிட்டதா என்று பாருங்கள். பூத்திருந்தால் தயங்க வேண்டியதில்லை.

கரிசல்மண்

கத்தரிக்காரர் சொல்வது பாதிச் செடிகளுக்குப் பொருந்தும், மீதிப் பாதிக்கு ஆபத்தாக முடியும். கவாத்து என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறோம் என்பதைப் பிரித்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை எளிதாகும்.

முதலாவது, செத்துப்போனதை அகற்றுவது. செடம், எக்கினேசியா, ருட்பெக்கியா, மிஸ்காந்தஸ் போன்றவற்றின் மேற்பகுதி இலையுதிர் காலத்திலேயே இறந்துவிட்டது. உயிர் தூரில், அதாவது மண்ணை ஒட்டிய அடிப்பகுதியில், இருக்கிறது. அந்தக் காய்ந்த தண்டை வெட்டுவதால் செடி தூண்டப்படுவதில்லை. இரண்டாவது, உயிருள்ள தண்டை வெட்டுவது. ரோஜா, லாவெண்டர், பென்ஸ்டெமன், தோட்டத்தில் விட்டுவைக்கும் ஃபியூஷா ஆகியவற்றில் நடப்பது இதுதான். ஒரு கிளையின் நுனி மொக்கு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைக் கீழ்நோக்கி அனுப்பி, கீழேயுள்ள மொக்குகளை உறங்க வைத்திருக்கிறது. நுனியை வெட்டியவுடன் அந்தத் தடை நீங்கிக் கீழ் மொக்குகள் விழித்துக்கொள்கின்றன.

இப்போது உங்கள் ரோஜாவைப் பாருங்கள். துளிர்த்திருப்பவை கிளைகளின் மேற்பகுதியில் உள்ள மொக்குகள் மட்டுமே. தண்டின் கீழ்ப்பாதியில் உள்ளவை இன்னும் தட்டையாக, தண்டோடு ஒட்டிக் கிடக்கும். இனி ஒரு கடும் உறைபனி வந்தால் மேலே துளிர்த்தவை கருகும், கீழே உள்ளவை தப்பும். அவைதாம் செடியின் கையிருப்பு. இப்போதே பாதி உயரத்துக்கு வெட்டினால், அந்தக் கையிருப்பை நாமே தட்டி எழுப்பிப் பனியின் வாயில் கொடுத்துவிடுகிறோம். கத்தரிக்காரர் கவலைப்படும் உணவு இழப்பு உண்மையே, ஆனால் மிகச் சிறியது. வேர் நன்றாக ஊன்றிய ரோஜா அதைப் பொருட்படுத்தாது.

ஆகவே மிதமான குளிர்காலம் நம்மை ஒரே திசையில் தள்ளுவதில்லை. காய்ந்ததை அகற்றும் வேலையை அது முன்னுக்கு இழுக்கிறது, உயிருள்ளதை வெட்டும் வேலையைக் குறைந்தது வழக்கமான நாள்வரை தள்ளிப்போடச் சொல்கிறது.

கத்தரிக்காரர்

பிரித்துச் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் குளிர்காலமே மிதமாக இருந்த ஆண்டில் இனிமேல் கடும் உறைபனி வரும் என்று எதை வைத்து அஞ்சுகிறீர்கள்? பருவம் முழுவதுமே முன்னால் நகர்ந்துவிட்டது என்று ஏன் கொள்ளக்கூடாது?

கரிசல்மண்

துளிர்ப்பு முன்னால் நகர்கிறது. கடைசி உறைபனி அதே அளவுக்கு முன்னால் நகர்வதில்லை என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் 2007 மார்ச் மாதம் வழக்கத்தைவிட மிகவும் வெப்பமாக இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த உறைபனி அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் துளிர்த்திருந்த பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. 2012 மார்ச் மாத வெப்பத்தில் முன்கூட்டியே பூத்த மிச்சிகன் மாநில ஆப்பிள் தோட்டங்கள், அதற்குப் பிந்தைய ஏப்ரல் உறைபனிகளில் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தன. 2021இல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கும் இதுவே நேர்ந்தது: மார்ச் இறுதியில் வெயில், ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி.

கத்தரிக்காரர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தத் தோட்டங்கள் கவாத்து செய்ததால் அழியவில்லை. தாமாகப் பூத்ததால் அழிந்தன. அவற்றைக் கொண்டு கவாத்தைக் குறை சொல்வது எப்படிப் பொருந்தும்?

கரிசல்மண்

நியாயமான மறுப்பு. நான் அவற்றைச் சொன்னது கவாத்தின் தீமைக்குச் சான்றாக அன்று. பருவம் முழுவதும் சேர்ந்தாற்போல் நகர்ந்துவிடாது என்பதற்குச் சான்றாக மட்டுமே. செடி தானாக வெளியே நீட்டும் துளிரை நம்மால் தடுக்க முடியாது. அதற்கு மேல் நாமும் சேர்ந்து எழுப்பிவிடுவதைத்தான் தடுக்க முடியும்.

ஃபோர்சித்தியா கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பூப்பது அதுவரை சேர்ந்த வெப்பத்தின் அளவைக் காட்டுகிறது. வரப்போகும் குளிரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வழக்கமான ஆண்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போவதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் நடுக்குளிர்காலத்தின் வெப்பத்தில் ஏமாந்து பூத்த ஃபோர்சித்தியாவைப் பார்த்து ரோஜாவை வெட்டினால், ஏமாந்தவரின் பேச்சைக் கேட்டு நாமும் ஏமாந்தவர்களாவோம்.

இதன் அடியில் இருப்பது உறக்கநிலையின் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் மொக்கு உள்ளுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் போதிய மணிநேரம் கழிந்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். அதன்பின் வெளிக்குளிர் ஒன்றுதான் மொக்கை அடக்கி வைத்திருக்கிறது. அதனால் குளிர்காலத் தொடக்கத்தில் வரும் வெப்பத்தைவிட இறுதியில் வரும் வெப்பமே செடியைச் சட்டென்று எழுப்புகிறது. எழுந்த செடி தன் குளிர்தாங்கும் திறனை விரைவாக இழக்கிறது; மீண்டும் குளிர் வந்தாலும் பழைய அளவுக்கு அதைத் திரும்பப் பெறுவதில்லை.

தேனீக்கூடு

காய்ந்த தண்டுகளை அகற்றும் வேலையை முன்னுக்கு இழுக்கலாம் என்று கரிசல்மண் எளிதாகச் சொல்லிவிட்டார். அந்தத் தண்டுகளில் குடியிருப்போர் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன். உள்ளே சோறு போன்ற மென்மையான நடுப்பகுதியோ குழலோ உள்ள தண்டுகளில், தனித்து வாழும் சிறு தேனீ இனங்கள் சில குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பகல் வெப்பம் தொடர்ச்சியாக 10 டிகிரியைத் தாண்டும்வரை வெட்டாதீர்கள் என்று பலர் சொல்வார்கள். அது ஓரளவுக்கு உதவும். ஆனால் எல்லா இனங்களும் ஒரே நாளில் வெளியேறுவதில்லை, சில கோடைத் தொடக்கம்வரை உள்ளேயே இருக்கும்.

ஆகவே தேதியைவிட வெட்டும் முறையை மாற்றுவதே பயனுள்ளது. தண்டைத் தரையோடு வெட்டாமல் 20 முதல் 60 சென்டிமீட்டர்வரை வெவ்வேறு உயரத்தில் கட்டையாக விடுங்கள். புதுத் தழை வளர்ந்து சில வாரங்களில் அதை மறைத்துவிடும். வரும் பருவத்தில் தேனீக்கள் அந்தத் திறந்த முனைகளில் கூடு கட்டும். வெட்டிய மேற்பகுதியைத் தூளாக்கி மட்குக் குழியில் போடாமல், தோட்டத்தின் ஒரு மூலையில் தளர்வாகச் சாய்த்து வையுங்கள்.

கத்தரிக்காரர்

நோய் பிடித்த தண்டையும் அப்படியே சாய்த்து வைக்கச் சொல்கிறீர்களா? சாம்பல்நோய் கண்ட ஃபிளாக்ஸையும், மொக்குக் கருகல் கண்ட பியோனியையும் நான் குளிர்காலத்துக்கு முன்பே வெட்டி அப்புறப்படுத்திவிடுவேன். கடும் குளிர் இல்லாத, ஈரம் மட்டுமே மிகுந்த குளிர்காலத்தில் பூசணங்கள் கொண்டாட்டமாக இருக்கும்.

தேனீக்கூடு

இல்லை, நோய் கண்டதை விட்டுவைக்கச் சொல்லவில்லை. அதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். உதிராமல் தொங்கும் பழைய ரோஜா இலைகளையும் அப்படியே கருத வேண்டும்; கரும்புள்ளி நோயின் பூசணம் அந்த இலைகளிலேயே தங்கி அடுத்த பருவத்துக்குத் தாவும். கிளையை வெட்டாமலேயே அந்த இலைகளைக் கையால் உருவிப் போட்டுவிடலாம். அதற்கு எந்தத் தேதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பனிமலர்

உங்கள் பட்டியலில் மிக அவசரமானது ரோஜா அல்ல, எபிமீடியம். அதை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சென்ற ஆண்டின் தோல் போன்ற இலைகளுக்கு அடியில் கம்பி போல மெல்லிய பூத்தண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பும். கிளம்பும்போது அவை கொக்கி போல் வளைந்து, நுனியில் கடுகளவு மொக்குகளைச் சுமந்திருக்கும். அவை எழுவதற்கு முன் பழைய இலைகளைத் தரைமட்டமாக வெட்டினால் ஐந்து நிமிட வேலை. எழுந்த பிறகென்றால் ஒவ்வோர் இலைக்காம்பாகப் பிரித்து வெட்ட வேண்டியிருக்கும், பாதிப் பூவும் கையோடு வந்துவிடும். மிதமான குளிர்காலத்தில் இது பல வாரங்கள் முந்திவிடும். இன்றைக்கே போய் இலைகளை விலக்கிப் பாருங்கள்.

மிஸ்காந்தஸுக்கும் இதே நியாயம். புது இலைகள் அடியிலிருந்து கிளம்புவதற்கு முன் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் புதிய இலைகளின் நுனியும் சேர்ந்து வெட்டுப்படும். அந்த மொட்டை நுனி பருவம் முழுவதும் அப்படியே தெரியும். வெட்டுவதற்கு முன் முழுக் கற்றையையும் ஒரு கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டால் குப்பை சிதறாது. ஸ்டீப்பா போன்ற பசுமை மாறாப் புற்களை மட்டும் இப்படி வெட்டக்கூடாது. கையுறை அணிந்து விரல்களால் கோதிக் காய்ந்ததை எடுத்தால் போதும்.

ஹைட்ரேஞ்சியாவில் கத்தரியே வேண்டாம். பெரிய இலை ஹைட்ரேஞ்சியா இந்தக் கோடையில் காட்டப் போகும் பூக்களைச் சென்ற ஆண்டின் பிற்பகுதியிலேயே மொக்காக்கி வைத்துவிட்டது. கடுங்குளிர் ஆண்டுகளில் நுனி மொக்குகள் கருகுவதால், கீழே இறங்கி வெட்டுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு அவை நுனிவரை பிழைத்திருக்க வாய்ப்புண்டு. பழக்கத்தில் வெட்டினால் பிழைத்து வந்த பூவை நாமே வெட்டுவதாகும். காய்ந்த பழைய பூங்கொத்துகளையும் உறைபனி அபாயம் தீரும்வரை விட்டுவையுங்கள், அவை கீழேயுள்ள மொக்குகளுக்குச் சிறு மறைப்பாக இருக்கும். பிறகு அந்தக் கொத்துக்குக் கீழே முதலில் தென்படும் பருத்த மொக்கு இணைக்குச் சற்று மேலே கிள்ளினால் போதும். கூம்புப் பூங்கொத்து விடும் பேனிகுலாட்டா வகை புதுத் தண்டில் பூப்பது. அதை இலைவிடும் முன் தாராளமாக வெட்டலாம்.

துளிர்நேசன்

இத்தனை விரிவான மறுமொழிகளுக்கு மிக்க நன்றி. எபிமீடியத்தைப் போய்ப் பார்த்தேன். பனிமலர் சொன்ன கொக்கிகள் மண்ணிலிருந்து தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன, ஆனால் இலைகளின் உயரத்துக்கு இன்னும் வரவில்லை, ஆகவே இலைகளை உடனே வெட்டிவிட்டேன். மிஸ்காந்தஸும் முடிந்தது. லாவெண்டர், பென்ஸ்டெமன், கிளெமாட்டிஸ் மூன்றைப் பற்றியும் யாராவது தெளிவுபடுத்த வேண்டும். மேலும், உறைபனி அபாயம் தீர்ந்தது என்பதை வானிலை முன்னறிவிப்பைக் கொண்டு முடிவு செய்யலாமா?

கரிசல்மண்

முன்னறிவிப்பு உதவும், ஆனால் அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வானிலை நிலையங்கள் காற்றின் வெப்பத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. மேகமற்ற, காற்றசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுவதால், தரையை ஒட்டிய இடம் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். முன்னறிவிப்பில் 3 டிகிரி என்றிருக்கும் இரவிலும் செடத்தின் மொக்குமேல் உறைபனி படியலாம். எனவே குறைந்த வெப்பநிலையோடு மேகமும் காற்றும் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பத்து நாளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பை நான் பொதுவாக நம்புவதில்லை. அந்தத் தொலைவுக்கு உங்கள் பகுதியின் சராசரிக் கடைசி உறைபனி நாளே மேலான வழிகாட்டி. அதுவும் சராசரிதான்; பல ஆண்டுகளில் அதற்குப் பிறகும் பனி விழுந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

லாவெண்டருக்குப் பெரிய வெட்டு பூத்து முடிந்த பிறகுதான். இப்போது செய்ய வேண்டியது காத்திருப்பது. மரத்தன்மை அடைந்த தண்டில் சாம்பல் பச்சையாக ஊசிமுனை போன்ற துளிர்கள் எந்த உயரம்வரை தெரிகின்றன என்று பாருங்கள்; உறைபனி ஓய்ந்த பிறகு அந்தத் துளிர்களுக்கு மேலே மட்டும் இலேசாகச் சீராக்குங்கள். இலையே இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் அது பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை.

பென்ஸ்டெமன் இந்தப் பட்டியலில் கடைசியாக வெட்ட வேண்டிய செடி. மேலே நிற்கும் பழைய தண்டும் இலையும் தூருக்குப் போர்வையாக இருக்கின்றன. அடியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பி, உறைபனியும் முடிந்தது என்று உறுதியான பிறகு, அந்தத் தளிர்களுக்குச் சற்று மேலே பழையதை வெட்டுங்கள். அடியில் தளிரே தெரியாவிட்டால் கீழ்க்கணுவரை மட்டும் வெட்டி நிறுத்துங்கள். பென்ஸ்டெமனின் மேற்பகுதி இப்போது பசுமையாக, அழகாகக்கூட இருக்கும் என்பதால் அதை விட்டுவைப்பது கண்ணுக்கும் உறுத்தாது.

பனிமலர்

கிளெமாட்டிஸ் எப்போது பூக்கிறது என்பதைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூப்பது என்றால் பூத்து முடியும்வரை தொடவே கூடாது. கோடைத் தொடக்கத்தில் பெரிய பூக்கள் விடுவது என்றால் காய்ந்ததையும் நலிந்ததையும் மட்டும் நீக்கி, ஒவ்வொரு தண்டிலும் பருத்த மொக்கு இணைக்கு மேலே நிறுத்துங்கள். கோடையின் பிற்பகுதியில் பூப்பதென்றால் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் அளவில், நல்ல மொக்கு இணைக்கு மேலே முழுவதையும் வெட்டலாம்.

துளிர்நேசன்

என்னுடையது கோடையின் பிற்பகுதியில்தான் பூக்கிறது. ஆனால் அதன் துளிர்கள் ஏற்கெனவே ஆள் உயரத்தில் ஒரு சாண் அளவுக்கு நீண்டுவிட்டன. கீழே, 30 சென்டிமீட்டர் உயரத்தில், மொக்குகள் இப்போதுதான் பருக்கின்றன. இது கரிசல்மண் சொன்ன ரோஜாவின் நிலையேயல்லவா?

பனிமலர்

அதே நிலைதான், ஆனால் விளைவு அவ்வளவு கடுமையானதல்ல. இந்த வகை கிளெமாட்டிஸ் துளிர் கருகினாலும் தரைக்கு அடியிலுள்ள கணுக்களிலிருந்து மீண்டும் எழும்; பூப்பதும் மிகவும் பிந்தித்தான் என்பதால் இழந்த காலத்தை ஈடு செய்துகொள்ளும். நானாக இருந்தால் முன்னறிவிப்பில் தெளிவான குளிர் இரவுகள் இல்லாத ஒரு வாரத்தைப் பார்த்து வெட்டிவிடுவேன். வெட்டாமல் விட்டால் மேலே பின்னிக்கொண்டு பிறகு பிரிக்கவே முடியாது. கரிசல்மண் என்னோடு மாறுபடலாம்.

கரிசல்மண்

மாறுபடவில்லை. இழப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே பொறுமையின் அளவும் அமைய வேண்டும். கிளெமாட்டிஸில் இழப்பு சில வாரத் தாமதம். லாவெண்டரில் செடியே போய்விடலாம்.

கத்தரிக்காரர்

சரி, ரோஜாவில் என் அவசரத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் வெட்டிவிட்டவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் அல்லவா? ஏற்கெனவே கவாத்து முடித்து, கீழ் மொக்குகளும் துளிர்த்துவிட்ட பிறகு உறைபனி வந்தால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கரிசல்மண்

உறைபனி அறிவிக்கப்பட்ட மாலையில் தோட்டத் துணியையோ பழைய போர்வையையோ செடியின் மேல் தரைவரை தொங்கும்படி போர்த்தலாம். நிலத்திலிருந்து எழும் வெப்பத்தைப் பிடித்து வைப்பதே அதன் வேலை என்பதால், மேலே குடை போல விரித்துவிட்டு அடியைத் திறந்து விடுவதால் பெரிய பயன் இல்லை. காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். துளிரை விரைவுபடுத்தும் தழைச்சத்து உரத்தை உறைபனிக் காலம் முடியும்வரை இட வேண்டாம்.

அதையும் மீறித் துளிர் கருகிவிட்டால், உடனே வெட்டக்கூடாது. கருகல் எதுவரை இறங்கியிருக்கிறது என்பது முதல் சில நாட்களில் தெரியாது. இன்னொரு பனி இரவும் வரக்கூடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, நகத்தால் தண்டின் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குக் கீழே, வெளிப்புறம் நோக்கிய முதல் நல்ல மொக்குக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் மேலே, மழையில்லாத நாளில் வெட்டுங்கள்.

துளிர்நேசன்

ரோஜாவின் பழைய இலைகளை மட்டும் உருவிவிட்டு, கத்தரியைக் கடைசி உறைபனி நாளை ஒட்டி எடுக்கிறேன். செடத்தின் தண்டுகளை வெவ்வேறு உயரத்தில் கட்டையாக விட்டிருக்கிறேன். தேனீக்கூடு அவர்களே, அவற்றை அடுத்த ஆண்டு அகற்ற வேண்டுமா?

தேனீக்கூடு

வேண்டாம். இந்த ஆண்டு கூடு கட்டியவற்றின் குஞ்சுகள் அடுத்த ஆண்டுதான் வெளியேறும். கட்டைகள் தாமாக மட்கி விழும்வரை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டின் புதிய தண்டுகளை அவற்றுக்குப் பக்கத்திலேயே அதே முறையில் வெட்டி வாருங்கள்.